முடிவு பண்ணாத முழங்கால்

"நடக்கறதுக்கு உங்களுக்கு ஆபரேஷனே வேண்டாம் மேடம்," என்றார் டாக்டர் மதுவந்தி. "மாடிப்படி ஏறலாம், மார்க்கெட் போலாம், கோயிலைச் சுத்தலாம். அதுக்கெல்லாம் இந்த முழங்கால் உங்க ஆயுசுக்கும் வரும். ஓடறதுக்குத்தான் வராது."

கோகிலவாணிக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பிடிபடவில்லை. கூட வந்திருந்த கணவர் ஈஸ்வரமூர்த்திக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "அப்பறம் என்னுங்க டாக்டர், பிரச்சினை தீந்துது," என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"உக்காருங்க," என்றாள் கோகிலா.

அவர் உட்கார்ந்தார்.

கோகிலாவுக்கு ஐம்பத்தொரு வயது. கோயமுத்தூரில் கணபதிப் பகுதியில் பம்பு மோட்டார் பட்டறை நடத்துகிறாள். தினமும் விடிந்தும் விடியாததுமாக ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குப் போய் ஓடிவிட்டு வந்துதான் பட்டறைக் கதவைத் திறப்பாள். பந்தயத்துக்காக ஓடுகிறவள் இல்லை. ஒரே ஒரு தடவை பந்தயத்தில் ஓடி, கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள். கடைசியாக வந்தவர் வழியில் இளநீர் குடிக்க நின்றவர்.

ஓட்டத்துக்குத் துணை ரெஜினா. ரெஜினா பல் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பேசி அலுத்துப்போனவள். காலையில் ஒரு மணி நேரமாவது பதில் பேசுகிற ஆள் அவளுக்கு வேண்டியிருந்தது. அப்படித்தான் இருவரும் சேர்ந்தார்கள். ஊரில் அவர்கள் ஓடிக்கொண்டே அலசாத குடும்பம் இல்லை.

"ஓடோணும்னா என்ன பண்ணோணுங்க?" என்று கோகிலா டாக்டரிடம் கேட்டாள்.

"உங்க முழங்கால்ல எலும்புக்கு நடுவுல இருக்கற மெத்தை தேஞ்சுபோச்சு. உங்க உடம்புல இருந்தே கொஞ்சம் செல் எடுத்து, புது மெத்தையை வெளிய வளர்த்து, உள்ள நடுவோம். ஆறேழு மாசம் ஓட முடியாது. அதுக்கப்பறம் நிறையப் பேர் ஓடறாங்க. சில பேருக்குச் சரியா ஒட்டாது. அவங்களுக்கு இப்ப இருக்கற நடை கூட முன்ன மாதிரி வராது."

"அந்தச் சில பேர்ல நான் இருப்பனுங்களா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஒரு வழி வந்திருக்கு." டாக்டர் மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டார். "உங்க ஸ்கேன், ரத்தம், எடை, இத்தனை வருஷமா நீங்க ஓடின கணக்கு, உங்க பேச்சு, கோபம் எல்லாத்தையும் வெச்சு உங்களைப் போலவே கணினிக்குள்ள ரெண்டு பேரை உருவாக்குவோம். முன்னுருன்னு சொல்றது. ஒரு முன்னுருவுக்கு ஆபரேஷன் ஆகும், இன்னொண்ணுக்கு ஆகாது. ரெண்டு பேரையும் பத்து வருஷம் வாழ விடுவோம். எங்களுக்கு அது ஒரு நாள் வேலை. அப்பறம் நீங்க போய் அவங்ககிட்டயே கேட்டுக்கலாம்."

"ரெண்டு கோகிலாவா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"ஆமா சார்."

"ஊட்டுக்கு வருவாங்களா?"

"இல்ல சார். இங்கயேதான் இருப்பாங்க."

அவர் நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் காரில் வாக்குவாதம் நடந்தது. ஈஸ்வரமூர்த்தி சாய்பாபா காலனியில் பேக்கரி வைத்திருப்பவர். எதையும் நிதானமாக ஆற வைத்து வெட்டுகிறவர். "பம்புல பேரிங் தேஞ்சா மாத்தறோம், சரி," என்றார். "பம்பு ஓடுனா நாலு தென்னைக்குத் தண்ணி பாயுது. நீ ஓடுனா என்ன பாயுது?"

"ஒண்ணும் பாயாதுங்க."

"அப்பறம்?"

"காலைல இருந்து பொழுதுக்கும் நான் பண்ற எல்லாத்துலயும் யாருக்காச்சும் என்னமாச்சும் பாயுது. இது ஒண்ணுலதான் பாயறதில்ல. அதுக்காகத்தான் ஓடறன்."

அவருக்கு அதற்குப் பதில் இருந்திருக்க வேண்டும். சிக்னலில் பச்சை விழுந்துவிட்டதால் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கோகிலா முன்னுருக்களைப் பார்க்கப் போனாள். சின்ன அறை. ஒரு நாற்காலி, எதிரே சுவர் முழுக்கத் திரை. டாக்டர் மதுவந்தி வாசலில் நின்று, "எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க. முடிவு பண்ணதும் எங்கிட்டச் சொன்னாப் போதும், அன்னைக்கே ரெண்டு பேரையும் அணைச்சிருவோம்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

திரையில் ரேஸ்கோர்ஸ் மரங்கள் தெரிந்தன. அறுபது தாண்டிய ஒரு பெண் அவற்றுக்கடியில் ஓடிவந்து நின்று, துண்டால் முகத்தைத் துடைத்தாள். தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள்.

கோகிலா எழுந்து நின்றாள். "வாங்க," என்றாள்.

"என்னையவே வாங்கங்கறயா," என்றாள் அவள். "உக்காருடி."

அவளுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. கோகிலா அவளைப் புதுக்கால் என்று மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டாள். புதுக்கால் முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினாள், தழும்பைக் காட்டினாள், நின்ற இடத்திலேயே குதித்தும் காட்டினாள். கோகிலாவுக்குப் பொறாமையாக இருந்தது. தன்னைப் பார்த்தே பொறாமைப்படுவது புது அனுபவம்.

"அப்பொ பண்ணிக்கலாங்கறயா?"

புதுக்கால் காதில் இருந்த தோட்டைத் திருகினாள். "கால் நல்லாத்தான் இருக்குது. ஆனா அதுல ஒரு சங்கதி இருக்குது. இன்னைக்கே சொல்ற விசயமில்ல. அவசரப்படாத, நாளைக்கு வா."

பிறகு மற்றவள் வந்தாள். அவள் ஆபரேஷன் செய்துகொள்ளாதவள். சாய்வு நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்து வறுத்த நிலக்கடலையை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள். நன்றாகப் பெருத்திருந்தாள். முகத்தில் சுருக்கமே இல்லை.

"ஓட்டமெல்லாம் எப்பவோ போச்சு," என்று சிரித்தாள் பழையகால். "இப்ப நீச்சலுக்குப் போறன். வலியே கெடையாது. நல்லா தூங்கறன்."

"அப்பொ ஆபரேஷன் வேண்டாங்கறயா?"

அவளும் கடலையைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டைத் திருகினாள். "அப்பிடியும் சொல்ல முடியாது. நீச்சல் வேற, ஓட்டம் வேற. அது பெரிய கதை. நாளைக்கு வர முடியுமா?"

கோகிலா மறுநாள் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். புதுக்கால் ஆபரேஷனுக்குப் பிந்தைய மாதங்களை ஒரு நாளைக்கு ஒரு துண்டாகச் சொன்னாள். பழையகால் நீச்சல் குளத்து வம்புகளைச் சொன்னாள். இருவரும் நன்றாகக் கதை சொன்னார்கள். ஆனால் செய்துகொள் என்றோ வேண்டாம் என்றோ இருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பட்டறையில் ஆட்கள் அவளைத் தேட ஆரம்பித்தார்கள். இதற்கிடையே முழங்கால் வீங்கி, ரேஸ்கோர்ஸில் அவள் ஓட்டம் பாதி நடையாகிவிட்டது.

"ரெண்டு மாசமா உன்கிட்டயே நீ யோசனை கேட்டுட்டிருக்கற," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "உன்னயப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ யாருக்கு நேராப் பதில் சொல்லியிருக்கற? நானும் வர்றன். நான் கேக்கறன்."

அவர் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். திரையில் அவரைக் கண்டதும் பழையகால் கடலைத் தட்டை வைத்துவிட்டுச் சாய்வு நாற்காலியிலிருந்து முனகிக்கொண்டே எழுந்து நின்றாள். வெகுநேரம் அவரையே பார்த்தாள்.

முழங்காலைப் பற்றிக் கேட்க வந்தவர் அதை மறந்துபோனார். "நான் எப்பிடி இருக்கறன்?" என்று கேட்டார். "பத்து வருஷம் கழிச்சு?"

பழையகாலின் கை காதுக்குப் போனது. "நல்லாத்தான் இருக்கறீங்க," என்றாள். "இப்பொ கடைக்குப் போயிருக்கறீங்க."

புதுக்காலிடமும் கேட்டார். அவளும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லா இருக்கறீங்க. கடைக்குப் போயிருக்கறீங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஈஸ்வரமூர்த்தி சட்டையைக் கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் சொல்லி வெச்சாப்பல ஒண்ணயே சொல்றாங்க. ஊட்டுல ஒருத்தன் செத்துட்டா சின்னப் பசங்ககிட்ட அப்பிடித்தான் சொல்லுவாங்க. கடைக்குப் போயிருக்காருன்னு."

"அப்பிடியெல்லாம் இருக்காதுங்க."

"நான் செத்துட்டன், கோகிலா. ரெண்டு விதத்துலயும் செத்துட்டன். உன்ற காலை வெட்டுனாலும் செத்துட்டன், வெட்டலைன்னாலும் செத்துட்டன்."

மறுநாள் அவர் இசிஜி எடுத்துக்கொண்டார். ரத்தம் கொடுத்தார். தன் பேக்கரியின் வெண்ணெய் பிஸ்கட்டை, ஊரே வந்து வாங்குகிற பிஸ்கட்டை, எதிரி மாதிரி பார்த்தார். ரிசல்ட் எல்லாம் நன்றாகவே வந்தன. அது அவரை இன்னும் பயமுறுத்தியது. காரணமே தெரியாமல் சாகப்போகிறோம் என்று எடுத்துக்கொண்டார்.

கோகிலா பட்டறையில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பல்லடத்திலிருந்து வந்த ஒருவர் மோட்டார் கேட்டு நின்றார். அவர் கேட்ட அளவில் மோட்டார் கையில் இல்லை. விட்டால் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார். "உங்களுக்குன்னு ஒரு நல்ல மோட்டார் வருதுங்க," என்றாள் கோகிலா. "இன்னைக்கே சொல்ற விசயமில்ல. நாளைக்கு வாங்க."

சொல்லிவிட்டுப் பார்த்தால் அவள் கை தன் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தது.

வந்தவரை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

"எங்கிட்டயே வியாபாரம் பண்றயா?" என்று திரைக்கு முன்னால் நின்று கேட்டாள்.

புதுக்கால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். மறுப்பாள் என்று கோகிலா எதிர்பார்த்தாள். அவள் மறுக்கவில்லை. "கண்டுபிடிக்கறதுக்கு உனக்கு இத்தன நாளாச்சா," என்று கேட்டுவிட்டுப் பாதையோரச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்ற ஊட்டுக்காரரு செத்துட்டாரா?"

"அய்யோ, இல்ல. அவரை எங்களுக்குக் குடுக்கவே இல்ல."

"குடுக்கலைன்னா?"

"அடுப்படில டம்ளர் வெக்கற சத்தம் கேக்கும். போய்ப் பாத்தா ஆவி பறக்கக் காப்பி இருக்கும். ஆளு இருக்க மாட்டாரு. கடைக்குப் போயிருக்கறாருன்னு எனக்குத் தெரியும். எப்பிடித் தெரியும்னு தெரியாது. பத்து வருஷமா அவரு கடைக்குத்தான் போயிருக்கறாரு."

கோகிலா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "ரெஜினா?"

"அவ இருக்கறா. எப்பவும் ஒரு வளைவு முன்னால ஓடிட்டிருப்பா. முதுகு மட்டும் தெரியும். நான் எத்தன வேகமா ஓடுனாலும் அந்த ஒரு வளைவு குறையாது. நல்ல காலுதான். என்ன பண்றது அத வெச்சுட்டு?"

திரைக்குள் ஒரு காகம் கத்தியது.

"நீ முடிவு சொன்னா அன்னைக்கே எங்களை அணைச்சிருவாங்க," என்றாள் புதுக்கால். "முதல் நாள் டாக்டரு வாசல்ல நின்னு சொன்னது எனக்குக் கேட்டுது. அந்த இன்னொருத்திக்கும் கேட்டிருக்கும். நாங்க பாக்கற ஒரே மனுச முகம் உன்றதுதான். நீ என்ற இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"பொய்தான் சொல்லியிருப்பன்," என்றாள் கோகிலா. "உன்னய விட நல்லாச் சொல்லியிருப்பன்."

புதுக்கால் சிரித்தாள். கோகிலாவும் சிரித்தாள். ஒரே சிரிப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது.

வெளியே வந்து கோகிலா டாக்டர் மதுவந்தியின் அறைக் கதவைத் தட்டினாள். "அவிய தனியா இருக்கறாங்க டாக்டர். ஏன் யாரையும் கூட வெக்கல?"

"சட்டம் மேடம். ஒருத்தரோட சம்மதம் இல்லாம அவரை உருவாக்கக் கூடாது. முழங்காலைப் பாக்கறதுக்கு நோயாளி மட்டும் போதும்னு நாங்களும் விட்டுட்டோம்."

"அவங்களுக்கு வருத்தம், பயமெல்லாம் இருக்குதுங்களா?"

"இல்லைன்னுதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க."

"உங்களுக்கு என்ன தோணுது?"

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார், போட்டார். அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. "நான் அந்த ரூம் கதவைச் சாத்தும்போது 'வர்றேன்'னு சொல்லிட்டுத்தான் சாத்தறேன்," என்றார். "ஏன்னு கேக்காதீங்க."

"நான் முடிவே சொல்லலைன்னா?"

"அப்ப அணைக்க முடியாது. நோயாளி யோசிக்கறதுக்கு நாள் குறிக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான்."

"இன்னொண்ணு கேக்கட்டுங்களா? அவங்க ரெண்டு பேரையும் ஒரே ரோட்டுல விட முடியுமா?"

டாக்டர் நிமிர்ந்தார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. முடியுமா என்று அவருக்கே தெரியவில்லை. நான்கு நாள் கழித்து, முடியும் போலிருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்.

கோகிலா போனபோது திரையில் ரேஸ்கோர்ஸ் பாதை. ஒரு பக்கமிருந்து புதுக்கால் ஓடிவந்தாள். மறுபக்கமிருந்து பழையகால் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நடந்து வந்தாள். எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்தார்கள்.

"இதென்ன இத்தன பெருத்துட்ட," என்றாள் புதுக்கால்.

"முடிய எதுக்கு இப்பிடிக் கொதறி வெச்சிருக்கற?" என்றாள் பழையகால்.

அவ்வளவுதான். இருவரும் பேசிக்கொண்டே ஒரே திசையில் கிளம்பிவிட்டார்கள். புதுக்கால் முதலில் ஓடிப் பார்த்தாள். பின்னால் பழையகால் வரவில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து சேர்ந்துகொண்டாள். அடுத்த வளைவில் புதுக்கால் நடந்துகொண்டிருந்தாள். ஓடக்கூடிய கால் நடந்தது. அதைப் பற்றி அவள் யோசித்ததாகவே தெரியவில்லை. பழையகால் இட்டுக்கட்டிச் சொன்ன நீச்சல் குளத்து வம்பில் மூழ்கியிருந்தாள். அறையில் கோகிலா இருப்பதை இருவருமே மறந்துபோனார்கள். அவள் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலை ரேஸ்கோர்ஸில் ரெஜினாவும் கோகிலாவும் நடந்துகொண்டிருந்தார்கள். ஓட முடியாத அளவுக்கு வீக்கம் இருந்தது.

"ரெஜினா, நீ எத்தன நாளா எனக்காக மெதுவா ஓடற?"

"உன் கால் வலிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருந்தே," என்றாள் ரெஜினா.

கோகிலா இதை எதிர்பார்க்கவில்லை. பத்தடி தள்ளித்தான் அடுத்த கேள்வி வந்தது. "நான் ஓடறதயே விட்டுட்டா வருவயா?"

"உண்மையச் சொல்லட்டா, ஆறுதலாச் சொல்லட்டா?"

"உண்மையச் சொல்லு."

"நான் ஓடுவேன் கோகி. எனக்கு ஓடணும். உன்கூட நடக்க ஞாயித்துக்கிழமை வருவேன். அப்புறம் ஏதாவது ஞாயித்துக்கிழமை மழை வரும், ஒரு கல்யாணம் வரும். கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுபோகும். நான் கெட்டவ இல்ல. ஆனா எனக்கு என்னைத் தெரியும்." பிறகு அவள் கோகிலாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆபரேஷன் பண்ணிக்கோன்னு சொல்லல. அது சரியா வரலைன்னா நான் என் மூஞ்சிலயே முழிக்க முடியாது. நீ கேட்ட, சொன்னேன்."

கோகிலாவுக்குக் கோபம் வரவில்லை. இரண்டு மாதமாகக் கேள்வியையும் மாற்றி, ஆளையும் மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தோன்றியது. பத்து வருடம் கழித்து முழங்கால் எப்படி இருக்கும் என்று இரண்டு பேரிடம் விசாரித்தாள். இன்றைக்குத் தனக்கு ஓட வேண்டும் போல இருக்கிறது என்பதை யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ரெஜினாவுக்காகக்கூட இல்லை. ரெஜினா முன்னால் போனால் போகட்டும். முதுகைப் பார்த்துக்கொண்டாவது பின்னால் ஓட வேண்டும்.

அன்று மதியம் பேக்கரிக்குப் போனாள். "பண்ணிக்கறனுங்க," என்றாள்.

ஈஸ்வரமூர்த்தி ரொட்டித் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். தான் சாகவில்லை, கடைக்குத்தான் போயிருக்கிறோம் என்று கோகிலா சொல்லித் தெரிந்த நாளிலிருந்து அவர் தெளிவாக இருந்தார். வெண்ணெய் பிஸ்கட்டோடும் சமாதானமாகிவிட்டார். "சரியா வருமா?"

"தெரியலீங்க."

"சரி, பண்ணிக்க." தட்டை வைத்தார். "அவிய ரெண்டு பேரு?"

கோகிலா அதைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அந்தப் பெருத்த கோகிலா என்னயப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுது," என்றார் அவர். "முனகிட்டே எந்திரிச்சு நின்னுது. பாவமில்லையா அது?"

"எனக்கு மட்டும் ஆசையா? முடிவு சொன்னா அணைச்சிருவாங்க."

"இங்க சொன்னாத்தான அணைப்பாங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "ஈரோட்டுலயும் இதே ஆபரேஷன் பண்றாங்களாம். எங்க மைதா வியாபாரி மச்சினன் பண்ணியிருக்கறான். இங்க நீ பாட்டுக்கு யோசிச்சுட்டே இரு. யாரு கேக்கறது?"

கோகிலா அவரை நன்றாகப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவர் இப்படி ஒரு குறுக்குவழி சொல்லி அவள் கேட்டதில்லை.

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் ஒரு வயதான சர்ஜன் அவள் முழங்காலை அழுத்திப் பார்த்தார். "கோயமுத்தூருங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றாள். அங்கே பெரிய பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இருக்கும்போது இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார் என நினைத்து ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. முன்னுரு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. தேதி மட்டும் கொடுத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் கஷ்டம். புதுக்கால் துண்டு துண்டாகச் சொன்ன கதையில் பாதி உண்மை, பாதி அவள் இழுத்துவிட்டது என்று இப்போது தெரிந்தது. வலி சொன்னதைவிட அதிகம். அலுப்பு அதைவிட அதிகம். காலை மடக்கச் சொல்லிப் பிசியோதெரபி பெண் அதட்டும்போது கோகிலா அழுதிருக்கிறாள். அவள் படுத்திருந்த நாட்களில் பட்டறையை ஈஸ்வரமூர்த்தி பார்த்துக்கொண்டார். மோட்டார் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பன் கொடுத்து அனுப்பினார். ரெஜினா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை.

மழைக்காலம் போய்ப் பனி இறங்கிய ஒரு காலையில் கோகிலா ரேஸ்கோர்ஸில் ஓடினாள். முதலில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் வரை. பிறகு ஒரு வளைவு. கால் தாங்கியது. முன்னைவிட வேகம் குறைவுதான். தரையில் சம்மணம் போட முடியாது. கோயிலில் அவளுக்கு மட்டும் நாற்காலி போட வேண்டும். குளிரில் தழும்பு இழுக்கும். ஆனால் அவள் ஓடினாள். அவளை முந்திக்கொண்டு போன ஒரு நாயைத் திட்டிக்கொண்டே ஓடினாள். ரெஜினா பக்கத்தில் ஓடியபடி, தான் பிடுங்கிய ஒரு கடைவாய்ப் பல்லின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முன்னுருக்களை மாதத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பதை அவள் விடவில்லை. கோடையில் ஒரு நாள் ஓட்டம் முடிந்து நேராக அங்கே போனாள். வெக்கைக்குக் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி விட்டிருந்தாள். மறந்துபோய் அப்படியே உள்ளே நுழைந்துவிட்டாள். வராந்தாவில் டாக்டர் மதுவந்தி எதிரே வந்தார். அவர் பார்வை கோகிலாவின் முழங்காலில் நின்றது.

"என்ன மேடம், இன்னும் முடிவு பண்ணலையா?"

"யோசிச்சிட்டிருக்கனுங்க டாக்டர்."

"நல்லா யோசிங்க." டாக்டர் குனிந்து தழும்பைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "ஈரோடுங்களா?"

கோகிலாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கை கால்சட்டையைக் கீழே இழுத்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்க டாக்டர்," என்றாள்.

"எதுக்குக் கோவம்? தையலைப் பாத்தாலே அந்த சர்ஜன் கைன்னு தெரியுது. சுத்தமான வேலை." டாக்டர் நிமிர்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, வராந்தா ஓரத்தில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களைக் கண்ணால் காட்டினார். "இந்த வாரம் எனக்கு ஆபரேஷன் நிறைய. அவர் பவானி. அந்தம்மா பெருந்துறை. அந்தப் பக்கம் இருக்கறவர் கோபி. எல்லாரும் ஈரோட்டு ஆஸ்பத்திரில பதிஞ்சவங்க. அங்க கணக்குல இவங்க இன்னும் யோசிச்சிட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

கோகிலா அங்கேயே நின்றாள். பவானிக்காரர் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிவிட்டு, மறுநாள் வெட்டப்போகிற இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். புத்தம் புதிய ஓட்டக் காலணியை ஒரு மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். கோகிலாவின் தழும்பை அவரும் பார்த்திருக்க வேண்டும்.

"ஓடறீங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

"ஓடறனுங்க."

"என்ன வேகத்துக்கு?"

கோகிலா யோசித்தாள். "பேசிட்டே ஓடற வேகத்துக்குங்க," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு மஞ்சப்பையோடு பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். "அப்பொ சித்த உக்காருங்க," என்றார். "ஆபரேஷன் எப்பிடின்னு சொல்லுங்க. உள்ளதச் சொல்லுங்க."